கவுன்சிலிங்கில் 55 ஆயிரம், கல்லூரியில் 1 லட்சத்து 38 ஆயிரம்: எதைக் கட்டுவது?

நாமக்கல் பக்கம் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு அப்பா கேட்டது இது. மகளுக்குப் பொறியியல் கலந்தாய்வில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அரசு ஒதுக்கீட்டுக்கு ஆண்டுக்கு 55,000 ரூபாய்தான் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். கல்லூரிக்குப் போனால், ஒரு துண்டுச் சீட்டில் 1,38,000 என்று எழுதிக் கொடுத்து மூன்று நாளில் கட்டச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. வருமானச் சான்றிதழில் இருப்பது 1,80,000. எது சரியான தொகை, முழுவதையும் கட்டித்தான் ஆக வேண்டுமா, கடன் வாங்கினால் எவ்வளவு வாங்குவது, மூன்று நாளில் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்கிறார்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியின் கணக்குப் பிரிவில் 19 வருடம் இருந்தவன். கவுன்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்து, இதே மாதிரி துண்டுச் சீட்டை நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதனால் முதலில் அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சீட்டை நம்பி ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். அதில் கல்லூரி பெயர் இருக்காது, முத்திரை இருக்காது, கீழே கையெழுத்தும் இருக்காது. மொத்தத் தொகை மட்டும் பேனாவால் எழுதி அடியில் இரண்டு கோடு. அப்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று அச்சடித்துக் கொடுத்தால், கேள்வி கேட்க உங்களுக்கு ஒரு காகிதம் கிடைத்துவிடும். நாளைக்குப் போய், "வங்கியில் கல்விக் கடன் கேட்கப் போகிறோம், நான்கு வருடத்துக்கும் தலைப்புவாரியாகக் கட்டண விவரம் லெட்டர்ஹெட்டில் வேண்டும்" என்று கேளுங்கள். கடன் வாங்கும் எண்ணம் இல்லாதவர்களும் இப்படியே கேட்கலாம். வங்கிக்கு என்றால் எந்தக் கல்லூரியும் மறுக்க முடியாது. வங்கிக்குப் போகிற காகிதத்தில் கண்டதையும் எழுதவும் முடியாது.

காகிதம் வந்ததும் பாருங்கள், ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: கல்விக் கட்டணம் 55,000. பஸ் 28,000. பிளேஸ்மென்ட் பயிற்சி 18,000. புத்தகம், சீருடை, லேப் கோட் வகையறா 14,000. காஷன் டெபாசிட் 10,000. வளர்ச்சி நிதி 13,000. கூட்டினால் 1,38,000. தொகைகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும், தலைப்புகள் பெரிதாக மாறாது.

இதில் முதல் வரி மட்டும்தான் சட்டப்படி நிர்ணயித்தது. தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கட்டணத்தை முடிவு செய்வது, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு. 2017-இல் அந்தக் குழு வைத்த கணக்கில், கலந்தாய்வு வழியாகச் சேருகிறவர்களுக்குத் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000, பெறாததென்றால் 50,000. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு அதே வரிசையில் 87,000, 85,000. அதற்குப் பிறகு வந்த ஆணை ஒன்றின்படி கூடுதலாகக் கேட்கிறோம் என்று கல்லூரி சொன்னால், அந்த ஆணையின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். அது ஒளித்து வைக்கிற காகிதம் அல்ல. இன்னொன்று, அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதல்ல, பாடப்பிரிவுக்குப் பாடப்பிரிவு தனித்தனி. மெக்கானிக்கலுக்கு இருக்கும், போன வருடம் தொடங்கிய புதுப் பிரிவுக்கு இருக்காது. உங்கள் பெண் சேருகிற பிரிவுக்கு உண்டா என்று கேளுங்கள். இந்தக் கேள்வி கடன் விஷயத்தில் மறுபடி வரும்.

குழு வைத்த தொகைக்குள்ளேயே நூலகம், ஆய்வகம், கணினி, இணையம், விளையாட்டு, பராமரிப்பு எல்லாம் அடக்கம். அதனால் 'லேப் ஃபீஸ்', 'இன்டர்நெட் ஃபீஸ்' என்று தனி வரி இருந்தால் ஒரே பொருளுக்கு இரண்டு தடவை விலை கேட்கிறார்கள் என்று அர்த்தம். உங்கள் பட்டியலில் உள்ள 'வளர்ச்சி நிதி'யும் அந்த ஜாதிதான். 1992-இல் தமிழ்நாடு போட்ட கேபிடேஷன் கட்டணத் தடைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. நிர்ணயித்ததற்கு மேல் எந்தப் பெயரில் வாங்கினாலும் அது கேபிடேஷன்தான். நன்கொடை என்று சொன்னாலும் சரி, வளர்ச்சி நிதி என்று சொன்னாலும் சரி.

மற்ற வரிகளுக்கு வருவோம். பஸ், ஹாஸ்டல், மெஸ் எல்லாம் பயன்படுத்தினால் கட்டுவது. பாப்பா டவுன் பஸ்ஸிலோ தோழிகளோடு அறை எடுத்தோ போய்வந்தால் அந்த 28,000 தேவையில்லை. "எல்லாரும் காலேஜ் பஸ்தான்" என்று கவுன்ட்டரில் சொல்வார்கள். அது அவர்கள் பஸ் வாங்கிய கடனை அடைக்கிற கணக்கு. காஷன் டெபாசிட் திரும்பி வர வேண்டிய பணம், ரசீதில் அந்தப் பெயரிலேயே இருக்க வேண்டும். 'இதர கட்டணம்' என்று போட்டுவிட்டால் நான்கு வருடம் கழித்துக் கேட்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. எங்கள் அலுவலகத்தில் நிலுவை இல்லை என்ற சான்று வாங்க வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் டெபாசிட்டைக் கேட்காமலேயே போவார்கள். கேட்டவர்களுக்குக் கொடுத்தோம். கேட்காதவர்களைக் கூப்பிட்டுக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

பிளேஸ்மென்ட் பயிற்சி கொஞ்சம் சிக்கலான இடம். குழு வைத்த தொகையில் இது சேராது என்று கல்லூரிகள் சொல்லும். கட்டாயம் என்று எழுதித் தரச் சொன்னால் எழுதித் தர மாட்டார்கள். ஆனால் முதல் நாளே இதற்காகச் சண்டை பிடிக்கச் சொல்லும் ஆள் நான் இல்லை. நான்கு வருடம் அந்த வாசலில்தான் பிள்ளை போய்வர வேண்டும். முதல் ஆண்டு மாணவிக்கு வேலைவாய்ப்புப் பயிற்சி எதற்கு, மூன்றாம் ஆண்டில் கட்டிக்கொள்கிறோம் என்று தன்மையாகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நடக்கும். வளர்ச்சி நிதியில் மட்டும் வளைந்து கொடுக்காதீர்கள். ரசீது தருவீர்களா என்று கேட்டாலே பாதி இடங்களில் அந்த வரி காணாமல் போய்விடும். போகாவிட்டால், கேட்ட தொகை, தேதி, நிர்ணயித்த கட்டணம் மூன்றையும் எழுதிக் கிண்டியில் உள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு மனு போடலாம்.

ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள் ஏன் வேறு வேறு தொகை கட்டுகிறார்கள் என்று நிறையப் பேர் கேட்பார்கள். 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தனியார் தொழிற்கல்லூரி இடங்களை இலவச இடம், கட்டண இடம் என்று இரண்டாகப் பிரித்தது. கட்டண இடத்தில் சேருகிறவர் கொடுப்பதில் மற்றவர் படிப்பு ஓடும் என்பது கணக்கு. 2002-இல் டி.எம்.ஏ. பை வழக்கில் 11 நீதிபதிகள் அமர்வு அந்த ஏற்பாட்டைக் கலைத்தது. கல்லூரி தன் செலவுக்கும் நியாயமான உபரிக்கும் ஏற்பக் கட்டணம் வைக்கலாம், ஆனால் லாப வேட்டையும் கேபிடேஷனும் கூடாது என்றது. அதைக் கண்காணிக்கத்தான் மறு ஆண்டே மாநிலந்தோறும் நீதிபதி தலைமையில் குழு வந்தது. இந்தக் குழுவின் கை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் வரை நீளாது. அங்கே கட்டணம் அவர்கள் வைத்ததுதான். விளம்பரத்தில் 'பல்கலைக்கழகம்' என்று பார்த்துவிட்டு, 55,000 தானே என்று அங்கே போய் நிற்கக் கூடாது.

சரி, உங்கள் வீட்டு விஷயம். நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன ஒரு வரிதான் இதில் பெரியது: வீட்டில் யாரும் பட்டம் படித்ததில்லை. 2010-11 கல்வியாண்டிலிருந்து முதல் பட்டதாரி சலுகை இருக்கிறது. கலந்தாய்வு வழியாகச் சேரும் மாணவருக்குக் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசே கல்லூரிக்குக் கொடுத்துவிடும். சுயநிதிக் கல்லூரி என்றால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் அளவு. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான், அண்ணனோ அக்காவோ பட்டம் முடித்திருந்தால் கிடையாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதோடு நீங்களும் மகளும் சேர்ந்து கையெழுத்திடும் ஓர் உறுதிமொழிப் படிவமும் உண்டு. கலந்தாய்வு விண்ணப்பத்திலேயே இதைக் குறிப்பிட்டுச் சான்றிதழைப் பதிவேற்றியிருந்தால் ஒதுக்கீட்டு ஆணையில் அது தெரியும். ஆணையை எடுத்து இப்போதே பாருங்கள்.

இங்கேதான் ஒரு தந்திரம் நடக்கும். "முழுசாகக் கட்டிவிடுங்கள், அரசாங்கப் பணம் வந்ததும் திருப்பித் தருகிறோம்" என்பார்கள். கழித்துக்கொண்டுதான் வாங்க வேண்டும் என்பது விதி. அரசாங்கப் பணம் தாமதமாக வருவது உண்மை, அதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தத் தாமதத்தைத் தாங்க வேண்டியது கல்லூரி. ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் பிடிக்கிறவர் அல்ல. ஆக 55,000-இல் 25,000 போனால் கல்விக் கட்டணமாக உங்கள் கையிலிருந்து போவது 30,000. புத்தகம், சீருடையில் தேவையானது, டெபாசிட் எல்லாம் சேர்த்தாலும் முதல் வருடம் 50,000 பக்கம்தான் வரும். சீட்டில் இருந்த 1,38,000-ஐ இதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாமே உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் இரண்டு மூன்று விஷயம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் பெற்றவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கிறது. பொறியியலுக்கு 2021 முதல் இது நடப்பில் உள்ளது. அந்தப் பிள்ளைகளிடம் கல்விக் கட்டணம் என்று ஒரு கல்லூரி பணம் கேட்டால் அது தப்பு. பொறியியல் படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு ஏஐசிடிஇயின் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. இது தகுதி வரிசைப்படி கிடைப்பது, எல்லோருக்கும் வராது. ஆனாலும் உங்கள் பாப்பா கட்டாயம் போட வேண்டும். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் போடுவது, கல்லூரி அதைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். இந்தச் சரிபார்ப்பு கல்லூரியில் ஒரு கிளார்க்கின் மேசையில் கடைசித் தேதி வரை தூங்கும். போய் எழுப்ப வேண்டியது உங்கள் வேலை.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குப் பெற்றோர் வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. இதில் ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கு 2021-22 முதல் ஒரு மாற்றம். மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு கல்லூரிக்கு வராமல் மாணவரின் ஆதார் இணைந்த கணக்குக்கு நேராகப் போகிறது. ஆதாரில் எத்தனை கணக்கைச் சேர்த்திருந்தாலும், அரசுப் பணம் கடைசியாக இணைத்த ஒரே கணக்குக்குத்தான் போகும். ஒரு பையன், இரண்டாம் ஆண்டு சிவில், பணமே வரவில்லை என்று மூன்று மாதம் என் கவுன்ட்டருக்கு நடந்தான். கல்லூரியோ ஹால் டிக்கெட் தர மாட்டோம் என்று நின்றது. கடைசியில் பார்த்தால், எப்போதோ புது சிம் வாங்கும்போது கடைக்காரர் விரலை வைக்கச் சொல்லி ஒரு கணக்கைத் திறந்துவிட்டிருக்கிறார். அரசாங்கப் பணம் முழுவதும் அவனுக்கே தெரியாத அந்தக் கணக்கில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. உங்கள் ஊர் வங்கிக் கிளையில், ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். எந்த உதவித்தொகைக்குப் போட்டாலும் முதலில் இதைப் பாருங்கள்.

அப்புறம் கடன். 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து அடமானமும் வேண்டாம், மூன்றாம் நபர் ஜாமீனும் வேண்டாம், கையிலிருந்து ஒரு பங்கு போடவும் வேண்டாம். பெற்றோர் உடன் கையெழுத்துப் போட்டால் போதும். ஏழரை லட்சம் வரை மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதியின் கீழ் அடமானமில்லாமல் கிடைக்கும். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் நடக்காது, பிரதியை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள்.

எவ்வளவு வாங்குவது என்று கேட்டீர்கள். ஆண்டுக்கு 30,000 என்றால் நான்கு வருடத்துக்கு 1,20,000. படிக்கும் நான்கு வருடமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடும். 10 சதவீதம், தனி வட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் வாங்கிய 30,000 ஐந்து வருடம் நிற்கும், இரண்டாம் வருடத்தது நான்கு, அடுத்தது மூன்று, கடைசி இரண்டு. மொத்தம் 14 வருட வட்டி, வருடத்துக்கு 3,000 வீதம் 42,000. இந்த 42,000-ஐயும் மத்திய அரசு கட்டும் ஒரு திட்டம் இருக்கிறது. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் உள்ளவர்களுக்குத் தொழிற்கல்விக் கடனில் படிப்புக் காலத்துக்கும் மேலும் ஒரு வருடத்துக்கும் முழு வட்டி மானியம். கல்லூரி நாக் (தேசிய மதிப்பீட்டு, அங்கீகாரக் குழு) அங்கீகாரமோ, பாடப்பிரிவு தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரமோ பெற்றிருக்க வேண்டும். முன்பு கேட்கச் சொன்ன கேள்வி இதற்குத்தான். வருமானச் சான்றிதழை முதல் வருடமே வங்கியில் கொடுத்து, வட்டி மானியத்துக்கு என்று எழுதி ஒப்புகை வாங்குங்கள். கிளையில் மறந்தால் கேட்க ஒரு தாள் வேண்டுமல்லவா. நடுவில் படிப்பை விட்டால் மானியம் இல்லை.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வங்கி கணக்கில் எடுப்பது அரசோ குழுவோ ஒப்புக்கொண்ட கட்டணத்தைத்தான். வெளியே 3 லட்சம் கொடுத்தேன் என்றால் அதற்கு ரசீதும் இல்லை, கடனும் இல்லை. சம்பளக்காரர்கள் வருமான வரிக்குக் காட்டுவதும் பழைய வரி முறையில் கல்விக் கட்டணம் என்ற வரியை மட்டுமே. நன்கொடையையும் வளர்ச்சி நிதியையும் காட்ட முடியாது.

அடுத்த சுற்றில் வேறு கல்லூரியோ, வேளாண்மையோ கிடைத்தால் கட்டிய பணம் என்ன ஆகும் என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். ஏஐசிடிஇ விதிப்படி வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, மீதியைத் திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துக் கொடுத்துவிட வேண்டும், கல்லூரியில் வைத்துக்கொள்ளக் கூடாது. நடுவில் போகிறவரிடம் "மீதி வருட ஃபீஸையும் கட்டினால்தான் டிசி" என்று சொல்வதும் விதிக்கு விரோதம். அப்படிச் சொல்லும்போது பயந்து நகையை அடகு வைத்துக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். விலகுவதாக இருந்தால் வாயால் சொல்லாதீர்கள். தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி, மின்னஞ்சலும் அனுப்புங்கள். திருப்பித் தருவதும் அந்தத் தேதியை வைத்துத்தான்.

பணம் கட்டும்போது கல்லூரியின் கணக்குக்கே போகிறதா என்று பெயரைப் பாருங்கள். அறக்கட்டளை பெயரிலோ, 'சாரோட ஜிபே நம்பர்' என்று ஒருவர் நீட்டுவதிலோ அனுப்பாதீர்கள். கல்வி நிறுவனங்களுக்கு யுபிஐ வழியாக ஒரே தடவையில் 5 லட்சம் வரை அனுப்ப வழி இருக்கிறது. கிரெடிட் கார்டில் கட்டினால் மேலே ஒரு கட்டணம் ஒட்டிக்கொள்ளும், நெட்பேங்கிங்கில் நெஃப்ட் என்றால் அது இல்லை. டிடி எடுத்தால் பின்பக்கம் பெண்ணின் பெயரும் விண்ணப்ப எண்ணும் எழுதுங்கள். கூட்ட நாளில் ஐம்பது டிடி ஒன்றாகக் கிடக்கும். ரசீது அச்சடித்ததாக, வரிசை எண்ணோடு, தலைப்புவாரியாக இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கொடுப்பது ரசீது ஆகாது.

கடைசியாக, மூன்று நாள் கெடு. ஒதுக்கீட்டை உறுதி செய்த பிறகு குறித்த நாளுக்குள் கல்லூரியில் சேராவிட்டால் இடம் போய்விடும், அது நிஜம். அந்தத் தேதி உங்கள் ஒதுக்கீட்டு ஆணையில் அச்சடித்திருக்கும். கல்லூரி சொல்லும் 'மூன்று நாள்' கெடுவும் அதுவும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பல நேரம் ஒன்றாக இருக்காது. அந்தத் தேதிக்குள் 30,000-ஐக் கட்டிச் சேர்த்துவிடுங்கள். பஸ்ஸும் பயிற்சியும் காத்திருக்கும். வங்கியில் கடன் ஒப்புதலாக இரண்டு மூன்று வாரமாவது ஆகும். முதல் வருடத் தொகையை நாங்களே கட்டிவிட்டோம், ரசீதைக் காட்டினால் எங்கள் கணக்கில் வரவு வைப்பீர்களா என்று மேலாளரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். பல கிளைகளில் செய்வார்கள், அச்சடித்த ரசீது இருந்தால்.